மாமரத்துப் பெட்டியை இறக்கிவிடுங்கள்

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் பழைய ஓட்டு வீட்டில் சுவாமி படங்களுக்குப் பின்னாலும் விட்டத்து இடுக்கிலும் எப்போதும் சிட்டுக்குருவி கூடு இருக்கும். மூன்று வருடம் முன்பு அதை இடித்து மாடி வீடு கட்டினோம். அதோடு குருவிகள் வருவது நின்றுவிட்டது. மனசு கேட்காமல் ஆன்லைனில் பச்சைப் பெயின்ட் அடித்த பிளைவுட் பெட்டி ஒன்றும், ஒரு மண்கலயமும், ஒரு அட்டைப் பெட்டியும் வாங்கினேன். பிளைவுட் பெட்டியை மாமரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். கலயம் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் இருக்கிறது. அட்டைப் பெட்டி ஹாலில். உள்ளே வைக்கோலும் தினையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடமாக முசுறு எறும்பும் அணிலும்தான் வந்தன. செல்போன் டவர்தான் காரணம், வீண் வேலை என்கிறான் மகன். தோட்டத்துக்குத் தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி, அப்புறம் வாலைத் தூக்கிக்கொண்டு பாடும் ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி எல்லாம் வருகின்றன. அவற்றுக்கும் பெட்டி வைக்கலாமா? எந்த மாதிரிப் பெட்டி, எங்கே, எவ்வளவு உயரத்தில்? எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது, முன்னால் போர்ட்டிகோ இருக்கிறது. மாமரத்துப் பெட்டியின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். எதிர்வீட்டு ஓட்டில் இன்னும் குருவி இருக்கிறது. அதையும் பொங்கல் கழித்து இடிக்கப்போகிறார்களாம்.

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி இரண்டு வரிதான். எதிர்வீட்டு ஓட்டில் குருவி இருக்கிறது என்றால் தெருவை விட்டுக் குருவி போகவில்லை. உங்கள் வீட்டை விட்டு மட்டும்தான் போயிருக்கிறது. சிட்டுக்குருவி பிறந்த இடத்தைச் சுற்றியே ஆயுளைக் கழிக்கும் பறவை. தூரம் போய்க் குடியேறுவது அபூர்வம். அதனால் நீங்கள் எங்கிருந்தோ குருவியை வரவழைக்க வேண்டியதில்லை. தெருவின் அந்தப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பொந்து இருக்கிறது என்று காட்டினால் போதும். பொங்கல் என்று நீங்கள் எழுதிய கெடுவுக்குக் கடைசியில் வருகிறேன், அதற்குள் பெட்டி விஷயத்தைப் பார்த்துவிடுவோம்.

பழைய வீட்டை ஒருமுறை மனசில் கொண்டுவாருங்கள். நாட்டு ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவில் இடுக்கு. விட்டம் சுவரில் இறங்கும் இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து, கை நுழையும் அளவுக்கு ஒரு குழி. மேல்பக்கம் முன்னால் சாய்ந்தபடி மாட்டியிருக்கும் சுவாமி படம். அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு பை போல இடம். முற்றம் வழியாக எந்நேரமும் வரலாம், போகலாம். புது வீட்டில் ஒவ்வொரு இடுக்கையும் சிமென்ட் பூசி அடைத்தாயிற்று, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை போட்டாயிற்று. நமக்கு அது நல்ல வீடு. குருவிக்கோ நுழைய வழியில்லாத பாறை.

மரங்கொத்தி மாதிரி தானே கொத்திப் பொந்து செய்துகொள்ளும் அலகு குருவிக்குக் கிடையாது. யாரோ விட்டுவைத்த ஓட்டையைத்தான் அது தேடியாக வேண்டும். நல்ல ஓட்டைக்கு எவ்வளவு போட்டி என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிற்காலத்தில் இந்தியப் பறவையியலுக்கே முகமாக ஆன சாலிம் அலி, 1906-07 வாக்கில், பத்து வயதுப் பையனாக மும்பையில் குதிரை லாயத்துச் சுவர்ப் பொந்தில் அடைகாத்த ஒரு பெண் குருவியைக் கவனித்தார். வெளியே காவல் இருந்த ஆணைத் தன் ஏர்கன்னால் சுட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஆண் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. அப்படி ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகளைச் சுட்டதாக அவரே குறித்துவைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் காலியான இடத்துக்கு ஒரு புது ஆண் வந்துகொண்டே இருந்தது. சின்னப் பையன் செய்த காரியம், இன்று நினைத்தால் வேதனைதான். ஆனால் ஒரு சுவர்ப் பொந்துக்கு எத்தனை குருவிகள் காத்திருக்கும் என்பது அதில் தெரிகிறது.

குறுந்தொகையின் 46ஆம் பாட்டில் ஒரு வீட்டுக் குருவி வருகிறது. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்கிறது, மன்றத்து எருவின் புழுதியில் குடைந்து விளையாடுகிறது, பிறகு வீட்டு இறவாணத்தில், அதாவது கூரைச் சரிவின் அடியில், தன் குஞ்சோடு தங்குகிறது. தானியம், புழுதி, இறவாணம். குருவிப் பெட்டி பற்றி யார் கேட்டாலும் நான் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்வேன். கடையில் வாங்கும் பெட்டி மூன்றாவதற்கு மட்டும்தான் ஈடு.

சரி, இப்போது உங்களிடம் இருக்கும் மூன்றையும் பார்ப்போம்.

முதலில் ஹாலில் இருக்கும் அட்டைப் பெட்டி. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஹாலில் மின்விசிறி சுற்றும். ஓடும் விசிறியின் இறக்கை குருவியின் கண்ணுக்குத் தெரியாது. அடிபட்டுத் தரையில் விழுந்த குருவியை ஒருமுறை கையில் எடுத்தவர்கள் அதற்குப் பிறகு விசிறி இருக்கும் அறையில் கூடு வைக்கவே மாட்டார்கள். விசிறி இல்லாத திண்ணையில் வேண்டுமானால் அட்டைப் பெட்டி ஒரு பருவத்துக்கு ஓடும். மழை ஈரம் பட்டால் அதுவும் ஊறிப்போய்விடும், எலி கடித்துவிடும்.

மாமரத்துப் பெட்டியை இறக்கிவிடுங்கள். மரம்தானே பறவைக்கு இடம் என்று எல்லோரும் நினைக்கிறோம். சிட்டுக்குருவி விஷயத்தில் அது சரிவராது. அது சுவரோடு வாழ்ந்து பழகிய பறவை. மாமரம் முசுறின் ஊர், அணிலின் சாலை. பூனைக்கும் கொம்பேறி மூக்கனுக்கும் கிளை வழியாக வருவது சுலபம். கம்பியில் தொங்கும் பெட்டி காற்றில் ஆடுகிறது. ஆடும் பெட்டியைக் குருவி நம்பாது. நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னும் இரண்டு குறை தெரிகிறது. வாசல் ஓட்டை ஏறக்குறைய இரண்டரை இஞ்சு இருக்கும்போல, அதில் மைனா தாராளமாக நுழையும். வாசலுக்குக் கீழே அழகுக்காக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது. அது குருவிக்குத் தேவையே இல்லை. செங்குத்துச் சுவரையே நகத்தால் பற்றிக்கொண்டு நிற்கும் பறவை அது. குச்சி காக்கைக்குத்தான் வசதி. அதில் உட்கார்ந்து தலையை உள்ளே விட்டுக் குஞ்சைத் தூக்கிவிடும். கடையில் விற்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் குச்சியோடு வருவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வாங்குபவர் கண்ணுக்குச் செய்கிறார்கள், பறவைக்குச் செய்வதில்லை.

மண்கலயம் நல்ல பொருள்தான். மண் மூச்சுவிடும், உள்ளே புழுக்கம் சேராது. ஆனால் நீங்கள் வைத்த இடம் தப்பு. தகரக் கொட்டகையின் கீழ் என்று படித்தவுடனே எனக்குப் பகீரென்றது. பல வருடம் முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரைக்கு அடியில் பத்துப் பெட்டிகளை நானே நின்று மாட்டினேன். மாசியில் குருவிகள் வந்தன. பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். சித்திரையில் ஒரு மதியம் போனபோது ஒரு பெட்டியின் வாசலில் இரண்டு குஞ்சுகள் கழுத்தை வெளியே தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஏணி போட்டுக் கூரைப் பலகையைத் தூக்கினேன். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு அடித்தது. அடியில் மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன. தப்பு முழுக்க என்னுடையது. மாசியில் மாட்டும்போது சித்திரை வெயிலை யோசிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கே பெட்டி மாட்டினாலும் மதியம் இரண்டு மணிக்கு அந்த இடத்தில் போய் நின்று, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் ஆணி அடிப்பதில்லை. கை வைக்க முடியாத சுவரில் குஞ்சு வாழாது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

இனி, புதுப் பெட்டி. ஆன்லைனில் மறுபடி தேட வேண்டாம். உங்கள் ஊர் ஆசாரி யாரிடம் சொன்னாலும் அரை நாளில் செய்து தருவார். முக்கால் இஞ்சு கனமுள்ள பலகை வேண்டும். பேக்கிங் பெட்டிப் பலகை, மா, வேம்பு எதுவானாலும் சரி. தேக்குக்குச் செலவழிக்காதீர்கள். சாதாரணப் பிளைவுட் இரண்டு மழையில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். பிளாஸ்டிக், பி.வி.சி. குழாய், தகர டின் எதுவும் நம் வெயிலுக்கு ஆகாது. உள்ளளவு அடியில் ஐந்துக்கு ஆறு இஞ்சு, உயரம் ஒன்பது இஞ்சு. வாசல் ஓட்டை அடிப்பலகையிலிருந்து ஆறு இஞ்சு மேலே. இது முக்கியம், ஓட்டை தாழ்வாக இருந்தால் கூட்டுப் புல் நிரம்பியதும் குஞ்சு வாசலுக்கு வந்துவிடும், காக்கைக்கு எட்டிவிடும்.

ஓட்டையின் அளவுதான் பெட்டியின் உயிர். ஒன்றேகால் இஞ்சு, அதாவது 32 மில்லிமீட்டர். ஆசாரி ‘கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லதும்மா’ என்பார். விடாதீர்கள். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை அவர் கையில் கொடுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். நாணயத்தை ஓட்டையின் நடுவில் பிடித்தால் சுற்றிலும் ஒரு தீக்குச்சி கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதில் குருவி நுழையும், மைனா நுழையாது. அணில் ஓரத்தைக் கடித்துப் பெரிதாக்கப் பார்க்கும். அதற்கு ஓட்டையைச் சுற்றி அதே அளவுத் துளையுள்ள ஒரு தகரத் துண்டை அடித்து, விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிடச் சொல்லுங்கள். அணில் வரவே வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தில் இருப்பதைவிட வெறும் சுவரில் தொல்லை குறைவு.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். கூரைப் பலகை முன்பக்கம் சாய்வாக, வாசலுக்கு மேல் இரண்டு இஞ்சாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். கூரைக்குக் கீழே பக்கப் பலகைகளில் காற்றுப் போக இரண்டிரண்டு துளை. அடிப்பலகையில் நாலு மூலையிலும் தண்ணீர் வடியச் சின்னத் துளை. முன்பலகையின் உள்பக்கத்தை இழைக்க வேண்டாம். சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு பற்றி ஏறி வெளியே வரும். கூரையைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி போட்டு, ஒரு கொக்கி வைத்துவிடுங்கள், சுத்தம் செய்ய வேண்டுமே. உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. வெளியே வேண்டுமானால் ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தடவி நன்றாகக் காயவிடுங்கள். கலர் வேண்டாம். மங்கலான மரத்தின் நிறமே நல்லது.

எங்கே மாட்டுவது? உங்கள் வீடு கிழக்குப் பார்த்தது, முன்னால் போர்ட்டிகோ இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இடம். மேற்குச் சுவரும் தெற்குச் சுவரின் மேற்குக் கோடியும் மதிய வெயிலை வாங்கி இரவு வரை சூடு கக்கும், அந்தப் பக்கமே வேண்டாம். கிழக்கில் இன்னொரு சங்கடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கத்திலிருந்துதான் சாரலடிக்கும். ஆகவே போர்ட்டிகோவின் விளிம்பில் மாட்டாமல், கூரைக்குக் கீழே உள்ளடங்கிய சுவரில் மாட்டுங்கள். சாரல் எதுவரை நனைக்கிறது என்று அடுத்த மழையில் பார்த்து, அந்த ஈரக்கோட்டுக்கு உள்ளே வையுங்கள். போர்ட்டிகோவில் விசிறி இருந்தால் மட்டும் வடக்குச் சுவரில், ஆழமான சன்ஷேடுக்கு அடியில். உயரம் எட்டிலிருந்து பத்து அடி. கம்பியில் தொங்கவிடாமல் பின்பலகையைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். ஏ.சி.யின் வெளி யூனிட், சமையலறை எக்ஸாஸ்ட், மீட்டர் பலகை இவற்றின் பக்கம் வேண்டாம். பூனை தாவுகிற மாதிரி கைப்பிடிச் சுவரோ கிரில்லோ கீழே இருக்கக் கூடாது. வாசலுக்கு நேரே பறந்து வர வழி திறந்திருக்கட்டும், பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு செம்பருத்தியோ மருதாணியோ இருந்தால் நல்லது. கூட்டுக்கு வருமுன் அதில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

ஒரே பெட்டி மாட்டாதீர்கள். சிட்டுக்குருவிக்குத் தெருவோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் தைரியம். இரண்டடி, மூன்றடி இடைவெளியில் மூன்று நாலு பெட்டி வையுங்கள். ஒன்றில் குடிவந்தால் மற்றவை தானாக நிரம்பும். மாட்டிய பிறகு வாரத்துக்கு வாரம் இடம் மாற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஒரு வருடம் பொறுங்கள். முழுதாக ஒரு வருடம் போயும் எட்டிப்பார்க்கவில்லை என்றால் அப்போது யோசிப்போம்.

உள்ளே வைக்கோல் போடாதீர்கள். தன் கூட்டைத் தானே கட்டத்தான் அதற்குப் பிடிக்கும். தினையை உள்ளே வைத்ததுதான் எறும்பை அழைத்து வந்தது. பெட்டி வீடு, சாப்பாடு வேறு இடம். எறும்பு சாக்பீஸ், மருந்துப் பொடி, கிரீஸ் எதையும் பெட்டியின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். காய்ந்த அருகம்புல், தென்னை நார், கோழி இறகு ஆகியவற்றைத் தோட்டத்து மூலையில் போட்டுவைத்தால் அதுவே பொறுக்கிக்கொள்ளும். நூல், நைலான் இழை, தலைமுடி மட்டும் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பறக்கும் வயதில் ஒரு குஞ்சு கூட்டு வாசலில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்; காலில் ஒரு தையல் நூல் சுற்றி, சதைக்குள் இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன், அந்தக் கால் சரியாகவில்லை.

பெரிய குருவி நொய், கம்பு, தினை தின்று வாழ்ந்துவிடும். ஆனால் பிறந்த சில நாட்களுக்குக் குஞ்சின் சாப்பாடு புழு பூச்சிதான். கத்தரிச் செடியிலும் அவரைக் கொடியிலும் இருக்கும் அந்தப் பச்சைப் புழுவுக்காகத்தான் தாயும் தகப்பனும் நாளெல்லாம் அலையும். அதனால் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்தாமல் பெட்டி மட்டும் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பெட்டியிலிருந்து இருபதடியாவது தள்ளி ஒரு முறத்தில் தினம் ஒரு கைப்பிடி தானியம் போடுங்கள். உப்பு, எண்ணெய் கலந்த மிச்சம் வேண்டாம். இரண்டு இஞ்சு ஆழமுள்ள மண்தட்டில் தண்ணீர், தினமும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொசு பெருகும். அப்புறம் அந்தப் புழுதி. தோட்டம் முழுக்கக் கல் பதித்துவிட்டார்களா? மதில் ஓரமாக இரண்டடிக்கு இரண்டடி மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, வெயில் படும்படி விட்டுவையுங்கள். குருவி வந்து மார்பை அழுத்திக் குழி பறித்து, இறக்கையை உதறி, மண்ணை முதுகில் வாரிப் போட்டுக்கொள்ளும். பேன், செள்ளைத் தொல்லைக்கு அதற்குத் தெரிந்த வைத்தியம் அது.

மற்றப் பறவைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி இந்த மூன்றுக்கும் பெட்டி வாங்கவே வாங்காதீர்கள், அவை பொந்தில் முட்டையிடுவதில்லை. தையல்சிட்டு அகலமான இலைகளைப் பஞ்சால், சிலந்தி நூலால் தைத்து உள்ளே கூடு வைக்கும். தேன்சிட்டு ஒரு தொங்கும் பை கட்டும். துணிக்கொடியில், பழைய ஒயரில் கூடக் கட்டிவிடும். கொண்டைக்குருவிக்கு ஒரு அடர்ந்த குரோட்டன்ஸ் செடி போதும், அதில் கிண்ணம் மாதிரி கூடு பின்னும். இவற்றுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம், மாசியிலிருந்து ஆடி வரை வேலிச் செடியை வெட்டும் ஆளிடம் ‘வெட்டுவதற்கு முன் உள்ளே பார்’ என்று சொல்வதுதான்.

வாலைத் தூக்கிக்கொண்டு பாடும் கறுப்பு வெள்ளைக் குருவி, குண்டுகரிச்சான். உங்கள் தோட்டத்தில் அது இருப்பது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அது பொந்தில் கூடு வைக்கும் பறவை, பெட்டிக்கு வரும். இதற்கு வேறு மாதிரிப் பெட்டி வேண்டும். அடி ஆறுக்கு ஆறு, உயரம் பத்து இஞ்சு, முன்பலகையின் மேல்பாதியை அப்படியே திறந்து விடுங்கள். பின்பக்கத் தோட்டத்தில், நிழலான சுவரில், ஆறேழு அடி உயரத்தில், பக்கத்தில் ஒரு சங்குப்பூக் கொடி லேசாக மறைக்கிற மாதிரி மாட்டுங்கள். தை கடைசிக்குள் மாட்டிவிட்டால் பங்குனியில் பார்த்துக்கொள்ளும். இது குருவி மாதிரி கூட்டாளிப் பறவை கிடையாது, ஒரு தோட்டத்தை ஒரு ஜோடி தன்னுடையது என்று காக்கும், அதனால் ஒரு பெட்டி போதும். அதில் மைனா வந்து உட்கார்ந்தாலும் விரட்டாதீர்கள், அதுவும் நம் ஊர்ப் பறவைதான். இன்னொன்று: முருங்கையில் பட்டுப்போன கிளை இருந்தால், தலையில் விழாத இடமாக இருந்தால், வெட்டாமல் விடுங்கள். ‘டொக் டொக்’ என்று செம்பு தட்டுகிற மாதிரி கத்தும் குக்குறுவான் மெத்தென்ற காய்ந்த கிளையில்தான் பொந்து குடையும்.

குருவி பெட்டிக்கு வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், முதலில் ஆண்தான் வரும். தொண்டையில் கறுப்பு, பக்கத்தில் செம்பழுப்பு. கூரையில் இறங்கி, ஓரமாக நகர்ந்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மட்டும் உள்ளே பார்க்கும். பறந்து போகும். திரும்பி வரும். ஒரு நாள் துணிந்து உள்ளே போய்த் தலையை நீட்டும். அதற்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து உடம்பை உப்பிக்கொண்டு ‘சிர்ப் சிர்ப்’ என்று காலை முழுக்கக் கத்தும், பெண்ணைக் கூப்பிடுகிறது. பெண் வந்து உள்ளே போய் வெளியே வந்து, மறுநாள் வாயில் ஒரு நீளப் புல்லோடு திரும்பினால் பெட்டி முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அந்த நாளிலிருந்து பெட்டியின் கீழே கோலமிடலாம், பேப்பர் படிக்கலாம், நடமாட்டத்துக்கு அது பழகின பறவை. திறந்து மட்டும் பார்க்காதீர்கள், பேரப்பிள்ளைகளை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க விடாதீர்கள். மூன்றிலிருந்து ஐந்து முட்டை, அடைகாப்பு 11 முதல் 14 நாள், அதற்குப் பின் குஞ்சு பறக்க ஏறக்குறைய 15 நாள். கடைசி மூன்று நாலு நாளில் தொந்தரவு செய்தால் பறக்கத் தெரியாமலே குதித்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு தவறிக் கீழே விழுந்தால் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் வீடுகளில் சொல்வது உண்மை இல்லை.

ஒரு ஈடு குஞ்சு பறந்ததும் சில நாளில் அதே ஜோடி அடுத்த முட்டையிடலாம். நம் பக்கத்தில் ஏறக்குறைய வருடம் முழுக்கவே குருவி கூடு வைக்கும். ஆகவே சுத்தம் செய்ய மாதம் பார்க்காதீர்கள், பெட்டியைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் போக்குவரத்தே இல்லை என்றால், மூக்கில் துணி கட்டிக்கொண்டு பழைய கூட்டை எடுத்துப்போட்டு, கொதிநீர் ஊற்றிக் காயவையுங்கள். பினாயில் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை போதும்.

உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை. டவர் கதிர்வீச்சால்தான் குருவி அழிந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வந்த அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஓரளவு நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்று சொன்னது. டவர் இல்லாத ஊர் இன்று எது? எதிர்வீட்டுக் குருவிகளும் அதே டவருக்குக் கீழேதான் இருக்கின்றன. கூடு வைக்க இடமும் குஞ்சுக்குப் பூச்சியும் இருக்கும் வரை அவை இருக்கும். இந்த இரண்டும் நம் கையில் இருப்பவை, தம்பியை ஏணி பிடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது எதிர்வீடு. பொங்கலுக்குப் பிறகு இடிப்பார்கள் என்றால் உங்களுக்கு இரண்டு மாதம் கூட இல்லை. இடித்த பின் வைக்கும் பெட்டியைவிட, இடிப்பதற்கு முன்பே அவற்றின் கண்ணெதிரே மாட்டிவைத்த பெட்டி நூறு மடங்கு மேல். வீடு போகிற நாளில் எங்கே போவது என்று அவற்றுக்கு முன்பே தெரிந்திருக்கும். உங்கள் போர்ட்டிகோ நேர் எதிரே இருப்பது அதிர்ஷ்டம். எதிர்வீட்டுக்காரர்களிடமும் போய்ப் பேசுங்கள். இடிக்க ஆள் வருவதற்கு முன், ஓடுகளைப் பிரிக்கும் நாளன்று, உள்ளே குஞ்சு கத்துகிறதா என்று ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கத்தினால், அந்தப் பக்கத்து ஓடுகளை மட்டும் இரண்டு வாரம் தள்ளிப் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம். 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டதற்காக ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு போடாமல் இருட்டில் இருந்தது. அதைச் சொல்லிப் பாருங்கள். புது வீட்டுக்குப் பிளான் போட்டாகிவிட்டதா என்றும் விசாரியுங்கள். சன்ஷேடுக்கு அடியில் நாலு செங்கல் இடத்தைப் பூசாமல் பொந்தாக விட்டுவிட்டால் அவர்களுக்குப் பெட்டியே வேண்டாம்.

நாளைக் காலை ஏழு மணிக்குக் காபியோடு போர்ட்டிகோவில் உட்காருங்கள். எதிர்வீட்டு ஓட்டில் கறுப்புத் தொண்டைக் குருவிகள் எத்தனை வேறு வேறு இடுக்கில் நுழைகின்றன என்று அரைமணி நேரம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையில் ஆசாரியிடம் பெட்டி சொல்லுங்கள், கூட ஒன்று சேர்த்து. பத்து ரூபாய் நாணயத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.